அரைத்த தேயிலையும் அரைக்காத தேயிலையும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் ஆய்வகத்தில் சுவருக்குக்கூடத் தெரியும். புதிதாக வரும் மாணவர்களை முதல் நாளே யாராவது எச்சரித்துவிடுவார்கள். "அந்த மேடத்துகிட்ட கழுவாத பாத்திரத்தைக் கொண்டுபோய் நீட்டிராதீங்க." இப்படிப் பேர் வாங்கியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கோபப்படாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் தேவாலாவில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பேன். கொழுந்து பறிப்பது மட்டம் என்று சொல்லவில்லை. சிலோனிலிருந்து கப்பலேறி வந்த என் அம்மா பறித்தாள், அக்காவும் கொஞ்ச காலம் பறித்தாள். எனக்கு வேறு வேலை வேண்டும் என்று அடம்பிடித்துப் படித்தவள் நான், அவ்வளவுதான்.

மலை மேல் இருந்த எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பொருள் பகுப்பாய்வு ஆய்வகம் இருந்தது. அங்கே நான் டெக்னிக்கல் ஆபீசர். எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அதற்குள் என்னென்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் பிழைப்பு. மாணவர்கள் தங்கள் ஆராய்ச்சிக்காக மண், பாறைத்துண்டு, சுட்ட களிமண் என்று பொட்டலம் கட்டிக் கொண்டுவருவார்கள். கம்பெனிக்காரர்கள் உடைந்த பேரிங், பாய்லர் சாம்பல், துருப்பிடித்த குழாய், தேயிலை என்று அனுப்புவார்கள்.

உலோகத் துண்டு தவிர எது வந்தாலும் முதலில் மாவாக அரைத்தாக வேண்டும். மாவை அழுத்தி வில்லையாக்கினால்தான் எக்ஸ்ரே மெஷின் அதைத் தொடும். அரைப்பதற்கு எங்களிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று அகேட் என்ற கெட்டியான கல்லில் செய்த சின்ன உரல். சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து, கை கடுக்கக் கடுக்கக் கையால் அரைக்க வேண்டும். இன்னொன்று எஃகு மில். எஃகுப் பாத்திரத்துக்குள் எஃகுக் குண்டுகள், மூடிவிட்டுப் பட்டனைத் தட்டினால் கடகடவென்று அதுவே அரைத்துத் தள்ளிவிடும்.

இதில் எங்கள் துறைத் தலைவர் ஒரு விதி வைத்திருந்தார். மாணவர்களுக்குக் கல் உரல், கம்பெனிகளுக்கு எஃகு மில். கம்பெனிக்காரன் அதிகம் கட்டுகிறான், அவனுக்கு அவசரம், ரிப்போர்ட் சட்டென்று போக வேண்டும். மாணவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள், வரிசையில் உட்கார்ந்து அரைக்கட்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நாங்களும் தலையாட்டினோம்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. பச்சை இலைக்குக் கிடைப்பது பறிகூலிக்கே காணாது என்று சிறு விவசாயிகள் இலையைச் செடியிலேயே முற்றவிட்டார்கள். சிலர் ஆத்திரத்தில் மூட்டையோடு ரோட்டில் கொட்டினார்கள். பாக்டரிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. பாக்டரி படுத்தால் பாய்லர் சாம்பலை யார் அனுப்புவார்கள்? எங்கள் கம்பெனி வரிசை சுருங்கிக்கொண்டே வந்தது. வருமானம் இல்லாவிட்டால் மெஷின்களைக் கோயமுத்தூருக்கு இறக்கிவிடுவோம் என்று கீழேயிருந்து மேலதிகாரிகள் பயமுறுத்திக்கொண்டே இருந்தார்கள். தலைவருக்கு அந்தப் பயத்தில் தூக்கம் போயிற்று. ஆள் பற்றாத நாட்களில் சட்டைக் கையை மடித்துவிட்டு அவரே சாம்பிள் அரைப்பார், அவரே ரிப்போர்ட் அடிப்பார். அந்த ஒன்றுக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் அவரைத் திட்டப்போவதால்.

எனக்கு மஞ்சள் காமாலை வந்து நீண்ட லீவில் இருந்தேன். கொஞ்சம் தேறியதும், வேலையில் சேருவதற்கு முன் அக்காவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூடலூர் பஸ்ஸைப் பிடித்து தேவாலாவுக்குப் போனேன். மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. வேலை நாளில், வேலை நேரத்தில், அக்கா வீட்டில் இருந்தாள். அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். என் அக்கா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"என்னாக்கா, லீவா?"

"நெரந்தர லீவு. தொரத்தி விட்டுட்டானுக."

அக்கா பக்கத்திலிருந்த ஒரு தனியார் பாக்டரியில், தூள் சலிக்கும் அறையில் வேலை பார்த்தாள். அங்கே பெட்டியில் அடைப்பதற்கு முன் தூளைக் காந்தங்களுக்கு அடியில் ஓட்டுவார்கள். மெஷினிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள் எதுவும் இருந்தால் காந்தம் பிடித்துக்கொள்ளும். அந்தக் காந்தங்களை அவ்வப்போது வழித்துத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடித்த இரும்பே திரும்பத் தூளில் விழும். துடைப்பது ஐந்து பெண்கள். அக்கா அவர்களில் மூத்தவள்.

"புதுசா ஒரு யாவாரி வந்தான். மொத்தமா எடுத்துக்கிறேன், ஆனா லேப்ல பாத்து ரிப்போர்ட் வாங்கிக் குடுன்னு மேனேஜர்கிட்ட கேட்டான். இவரும் அனுப்புனாரு. தூள் பூரா இரும்புன்னு எழுதி வந்துருச்சு. யாவாரி வேணாம்னு போயிட்டான். மேனேஜர் எங்க அஞ்சு பேரயும் பெரட்டுல நிக்க வச்சு, இதுக காந்தம் தொடைக்காம தூங்குனதாலதான் பாக்டரி நாசமாப் போச்சுன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லி வெளிய அனுப்பிட்டாரு."

பெரட்டு என்றால் காலையில் ஆள் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். இலை கொண்டுவரும் விவசாயிகள், லாரிக்காரர்கள், எல்லோரும் அந்நேரம் அங்கேதான் நிற்பார்கள்.

"வேல போனாக்கூடப் பரவால்லடி. பாக்டரி இலை வாங்குறத கொறச்சிருச்சு. கடைக்குப் போனா இலைக்காரங்க மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. ஒங்களாலதான் எங்க இலை அழுகுதுன்னு ஒருத்தி என் மூஞ்சிக்கு நேரா சொல்றா. அவ புள்ளைக்கு அம்ம போட்டப்ப ராவெல்லாம் முழிச்சுக் கெடந்தது நானு." இதைச் சொல்லும்போது அக்கா அழுதாள்.

"எந்த லேப் அது? எவன் குடுத்தான் அந்த ரிப்போர்ட்ட?"

அக்கா சுவரைக் காட்டினாள். ஒவ்வொரு வருஷமும் நான் கொண்டுவந்து கொடுக்கும் எங்கள் பல்கலைக்கழகக் காலண்டர் தொங்கியது. "இதே முத்திரதான்டி அந்தப் பேப்பர்ல. நீ படுத்துக் கெடக்கியேன்னு ஒனக்குச் சொல்லல."

மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டேன். டாக்டர் இன்னும் ஒரு வாரம் படுக்கச் சொல்லியிருந்தார். படுப்பதாவது!

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனி சாம்பிள் எது வந்தாலும் பாதியை அரைக்காமல் அப்படியே சீல் வைத்து அலமாரியில் எடுத்துவைப்போம். பின்னால் தகராறு வந்தால் எடுத்துப் பார்க்கலாம். நான் இருந்தவரை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. அந்தப் பாக்டரித் தேயிலையைத் தேடி எடுத்தேன். வெள்ளைத் தாளில் பரப்பி, நல்ல காந்தம் ஒன்றை அதன் மேல் மெதுவாக ஓட்டினேன். ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடி ஓட்டினேன். ஏதோ பேருக்கு ஒரு பொட்டு. என் அக்கா துடைத்த காந்தம் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

அடுத்து, அரைத்து வைத்திருந்த மிச்ச மாவை எடுத்தேன். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் மாவிலிருந்து கறுப்புத் தூசி எழுந்து மீசை மாதிரி ஒட்டிக்கொண்டது. ஒரே தேயிலைதான். அரைக்காததில் இரும்பு இல்லை, அரைத்ததில் இருக்கிறது. பாக்டரிக்கும் எங்கள் மெஷினுக்கும் நடுவில் என்ன இருந்தது? எங்கள் எஃகு மில்தான் இருந்தது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே முழுக்கக் கீறல். ஏதோ கம்பெனிக்காக யாரோ பாறையைப் போட்டு அரைத்திருக்கிறார்கள். புதுப் பாத்திரம் வாங்க இந்தக் காலத்தில் யார் காசு தருவார்கள் என்று அதையே ஓட்டியிருக்கிறார்கள். தேயிலை லேசில் அரைபடாது, நார். அதை மாவாக்க நெடுநேரம் ஓட்டியிருப்பார்கள். கீறல் விழுந்த பாத்திரம் தன் இரும்பைத் தேயிலைக்குத் தாரை வார்த்திருக்கிறது.

அதிகம் பணம் கட்டியவனுக்கு அழுக்கு மாவு, வரிசையில் உட்கார்ந்த மாணவனுக்குச் சுத்தமான மாவு. எங்கள் விதியின் லட்சணம் அது.

தாளையும் காந்தத்தையும் தூக்கிக்கொண்டு தலைவர் அறைக்குப் போனேன். அவர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர், கோபத்தில்கூட மரியாதை குறையாது.

"வாங்க அம்மிணி, உடம்பு தேவலைங்களா?"

"அந்த தேவாலாத் தேயிலைய யார் சார் அரைச்சது?"

"நாந்தானுங்க. நீங்க லீவு, ஆள் இல்ல. ஏனுங்க?"

தாளைப் பரப்பிக் காட்டினேன். பார்த்தார். புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. புரிந்த பிறகும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எடுத்து வச்ச பாதியில இரும்பு கம்மியா இருந்திருக்கலாமுங்க. அரைச்ச பாதியில கூட இருந்திருக்கலாம். சாம்பிள்னா அப்படித்தானுங்களே."

"சார், நீங்களே நம்பாதத என்கிட்ட சொல்லாதீங்க."

"அந்தப் பாக்டரியில உங்க அக்கா வேலை பாக்குறாங்கன்னு கேள்விப்பட்டேன். நீங்க இதுல தலையிட்டா ஊர் என்ன சொல்லும்? அக்காவுக்காக ரிப்போர்ட்ட மாத்திட்டாங்கன்னு சொல்லாதுங்களா?" பிறகு குரல் இறங்கியது. "ஒரு ரிப்போர்ட்ட நாமளே தப்புன்னு சொல்லிட்டா, அப்புறம் எந்தக் கம்பெனிங்க நம்மகிட்ட வரும்? மெஷின இறக்கிருவாங்க அம்மிணி. இந்தப் பசங்க எங்க போவாங்க? நீங்க எங்க போவீங்க?"

அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆய்வகம் போனால் என் வேலையும் போகும். ஆனால் எங்கள் வேலையைக் காப்பாற்ற அந்த ஐந்து பெண்கள் ஊர் முன்னால் அவமானப்பட்டு நிற்க வேண்டுமா? அவர்கள் தலையில் மிதித்துத்தான் நாங்கள் நிற்க வேண்டும் என்றால் இந்த ஆய்வகம் இழுத்து மூடப்படட்டும் என்று தோன்றியது. தோன்றியதைச் சொல்லியும்விட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

அவர் மேஜையில் எப்போதும் ஒரு டீத்தூள் பொட்டலம் இருக்கும். குன்னூரில் ஒரே ஒரு கடையில்தான் வாங்குவார். பால் சேர்க்காமல் குடிப்பார், வருகிறவர்களுக்கெல்லாம் அதன் பெருமையைச் சொல்லுவார். அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன்.

"இது எங்க அக்கா தேயிலை இல்லைல்ல சார்? இதுல எனக்குச் சொந்தம் பந்தம் ஒண்ணும் இல்லைல்ல?"

அவர் தடுக்கவில்லை. பின்னாலேயே வந்தார். கல் உரலுக்காக மாணவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். இன்றைக்கு எனக்கு வழி விடுங்கள் என்றேன். பொட்டலத்தில் பாதியைக் கல் உரலில் போட்டு நானே உட்கார்ந்து அரைத்தேன். காமாலை வந்து எழுந்த உடம்பு, பாதிக்கு மேல் முடியவில்லை. ஒரு மாணவி வந்து, "நகருங்க மேடம்" என்று வாங்கி மீதியை அரைத்தாள். மறுபாதியை எஃகு மில்லில் தலைவரே போட்டார். அவர் கையாலேயே போடட்டும் என்றுதான் நானும் நின்றேன். இரண்டையும் வில்லையாக்கி மெஷினுக்குள் வைத்தோம். எல்லோரும் கிரிக்கெட் பார்ப்பது போல் திரையைச் சுற்றி நின்றார்கள்.

கல்லில் அரைத்தது சுத்தம். தேயிலைக்கே இயற்கையாக உள்ள இரும்பு மட்டும். மில்லில் அரைத்தது வரம்பைத் தாண்டி எங்கேயோ நின்றது.

"சார், நீங்க தினமும் குடிக்கிற டீயும் பெயில்" என்றேன்.

ஒரு மாணவன் பக்கென்று சிரித்துவிட்டான். யாரும் அவனை முறைக்கவில்லை. தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்த மில்லுக் கரண்ட்டப் புடுங்குங்க" என்று மட்டும் சொன்னார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் எங்கள் தலைவரை அறியாதவர்கள். சாயங்காலம் அவர் அடித்துக்கொண்டு வந்த புது ரிப்போர்ட்டில், மறு பரிசோதனையில் மதிப்பு திருத்தப்படுகிறது என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. ஏன் திருத்தப்படுகிறது என்று இல்லை.

"இது யாருக்கு சார் புரியும்?"

"மேனேஜருக்குப் புரியுமுங்க."

"புரிஞ்சு, மடிச்சுப் பையில வச்சுக்குவாரு. அந்த அஞ்சு பேரு கதி? இரும்பு எங்கிருந்து வந்துச்சுன்னு எழுதணும் சார். தமிழ்ல எழுதணும்."

"தமிழ்ல நாம ரிப்போர்ட் குடுத்ததே இல்லீங்களே!"

"தப்பு பண்ணினதையும் ஒத்துக்கிட்டதே இல்லையே சார். ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிப்போம்."

நெடுநேரம் மல்லுக்கட்டினோம். தவறு என்ற சொல் வேண்டாம் என்றார், குறைபாடு என்று போடலாம் என்றார். என்னிடம் அவர் பருப்பு வேகவில்லை. கடைசியில் அவரே பேனாவை எடுத்து எழுதினார். இந்தத் தேயிலையில் காணப்பட்ட இரும்பு எங்கள் ஆய்வகத்தின் அரைக்கும் பாத்திரத்திலிருந்து சேர்ந்தது, பாக்டரியிலிருந்து வந்ததல்ல, முந்தைய அறிக்கை தவறு. அழகான கையெழுத்து அவருக்கு. முத்திரை குத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மெஷின் கீழ போச்சுன்னா நீங்களும் கூடவே கோயமுத்தூர் வெயில்ல வந்து கெடக்கோணும், சொல்லிட்டேன்." அப்படிச் சொன்னவர் மறுநாள் முதல் கம்பெனி சாம்பிளையும் கல் உரல் வரிசையில் உட்கார வைத்தார். தாமதமாகிறது என்று இரண்டு மூன்று கம்பெனிகள் போய்விட்டன. போனால் போகட்டும். மெஷின்களை இறக்குவார்களா மாட்டார்களா என்பது அதற்குப் பிறகும் நெடுங்காலம் இழுபறியாகவே கிடந்தது.

அந்த அறிக்கையைத் தபாலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை நானே எடுத்துக்கொண்டு தேவாலாவுக்குப் போனேன். அக்காவும் மற்ற நான்கு பெண்களும் பாக்டரி வாசலில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே அக்காவும் நானும் மட்டும் போனோம். மேனேஜர் அறிக்கையை இரண்டு முறை வாசித்தார். ஆள் நொந்து போயிருந்தார், அவர் நிலைமையும் நல்லதாக இல்லை.

"சரி, தப்பு உங்க மேல. அந்த யாவாரிக்கு இதை அனுப்பிப் பாக்குறேன்" என்றார் என்னிடம். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "நீ திங்கக்கிழமை வந்துரும்மா" என்றார்.

"மத்த நாலு பேரு?"

"மார்க்கெட் கெடக்குற கெடையில அஞ்சு பேரு எதுக்கும்மா? இப்ப ரெண்டு பேர வச்சு ஓட்டிக்கிட்டுதான் இருக்கேன். நீ சீனியர். நீ வா, போதும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையை அழுத்தினாள். எங்கள் வீட்டில் கோபக்காரி நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"சார், மார்க்கெட் சரியில்லன்னு அனுப்பிருந்தீங்கன்னா நாங்க ஒரு வார்த்த பேசிருக்க மாட்டோம். நீங்க அப்படியா அனுப்புனீங்க? தூங்குனோம்னு சொல்லி அனுப்புனீங்க. இப்ப நான் மட்டும் உள்ள வந்தா மத்த நாலு பேரும் தூங்குனவளுகன்னுதான ஊரு சொல்லும்? அஞ்சு பேரும் வருவோம். இல்லன்னா இந்தப் பேப்பர எடுத்துக்கிட்டு இலைக்காரங்க வீடு வீடாப் போறேன். ஒங்க இலைய வாங்காதது எங்களால இல்லன்னு வாசிச்சுக் காட்டுறேன். என் தங்கச்சி தமிழ்லதான் வாங்கியாந்துருக்கா."

மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே இலை லாரி காலியாக நின்றது. உண்மையை மறைத்தார் என்று தெரிந்தால் கொஞ்சம் இலை கொடுத்துக்கொண்டிருந்த விவசாயிகளும் வேறு பாக்டரிக்கு மாறிவிடுவார்கள் என்ற கணக்கை அவர் போட்டிருக்க வேண்டும். "சரி, அஞ்சு பேரும் வாங்க" என்றார்.

"வர்றோம் சார். ஆனா பெரட்டுல வச்சுத்தான அனுப்புனீங்க? பெரட்டுல வச்சே கூப்புடுங்க."

திங்கட்கிழமைக்கும் லீவு போட்டுத் தங்கிவிட்டேன். லீவு மிச்சமே இல்லை என்று பின்னால் சம்பளத்தில் பிடித்தார்கள், பிடிக்கட்டும். காலையில் மூடுபனி, எதிரில் நிற்பவர் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. இலைக்காரர்கள், லாரி டிரைவர், பாய்லர் ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். அக்காவின் முகத்துக்கு நேரே குறை சொன்னாளே, அந்த அம்மாவும் வந்திருந்தாள், இலைச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஐந்து பெண்களும் முன் வரிசையில் நின்றார்கள், யாரும் தலையைக் குனியவில்லை.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "லேப்ல ஏதோ தப்பு நடந்துருச்சாம். இரும்பு இங்கேருந்து போகல. இவங்க மேல குத்தம் ஒண்ணும் இல்ல. சரி, எல்லாரும் வேலைக்குப் போங்க."

யாரும் நகரவில்லை.

"இவங்கன்னா யாரு சார்?" என்றாள் அக்கா. "அன்னைக்கு ஒவ்வொருத்தரு பேரா சொல்லித்தான வெளிய அனுப்புனீங்க."

இதில் நான் யாருடைய பெயரையும் எழுதவில்லை, எழுதுவதாகவும் இல்லை. ஆனால் அந்தக் காலையில் அவர் ஐந்து பெயரையும் சொல்ல வேண்டியதாயிற்று. முதல் பெயர் நன்றாகக் கேட்டது, இரண்டாவது கொஞ்சம் தேய்ந்தது, மூன்றாவதில் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க சார்" என்றாள் அக்கா. "லாரிக்காரருக்குக் கேக்கல."

அவர் முதல் பெயரிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.